பறுவத்துக்குள் ஒரு போட்

கல்லடி, மட்டக்களப்பு
பறுவம் கழிந்த மறுநாள்

அன்பு மருமகளுக்கு,

"சேர்கிட் போட்டுக்குச் சீனாவுக்கு ஓடர் போட்டால் வீட்டுக்கே வரும், ஏன் மாமா அயன்பொக்ஸோட மல்லுக்கட்டுறீங்க?" என்று கேட்டிருந்தாய். பொதி வர மூன்று கிழமை செல்லும். அதுவரைக்கும் பறுவம் நிற்குமா, சொல்லு.

பறுவ இரவில் வாவிக்குள் பாடும் மீனைக் கேட்கத்தான் இந்தப் பாடு. தண்ணிக்குள் இறக்க ஒரு பீசோ தட்டு, அதன் சின்னச் சத்தத்தைப் பெருக்க டிஎல்072 ஐசி ஒன்று, ஒன்பது வோல்ட் பற்றரி. அவ்வளவுதான்.

முதல் போட் பிழைத்தது. செப்புப் பக்கம் பார்த்தபடி கீறிய படத்தை அப்படியே அச்சடித்துவிட்டேன். தாளிலிருந்து செப்புக்குப் போகையில் இடம் வலமாகும் என்ற நினைப்பே வரவில்லை. துளையெல்லாம் போட்ட பிறகு பார்த்தால், எட்டாம் கால் நிற்கவேண்டிய இடத்தில் முதலாம் கால்!

இரண்டாம் தரம் படத்தைத் திருப்பி, மினுங்குகிற பழைய சஞ்சிகைத் தாளில் லேசரில் எடுத்தேன். டோனர் மையில்லை, பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் உருகிச் செப்பில் பிடிக்கும். செப்பைச் சட்டி தேய்க்கிற நாரால் தேய்த்தபின் விரல் படக்கூடாது, பட்ட இடத்தில் ஒட்டாது. அயன்பொக்ஸை இழுக்காமல் அழுத்தவேணும். இழுத்தால் கோடு கலையும். பிறகு தண்ணியில் ஊறவிட்டுப் பெருவிரலால் உருட்ட, தாள் கூழாகிக் கழன்று கறுப்புக் கோடுகள் மட்டும் மிஞ்சின. அறுந்திருந்த ஒரு கோட்டை மார்க்கரால் தொட்டுவிட்டேன்.

ஐஸ்கிரீம் டப்பாவில் பெரிக் குளோரைட்டு விட்டுத் தோணி ஆடுகிறமாதிரி ஆட்டினேன். 35 மைக்ரோன் செப்பு கரைந்து, டோனருக்குக் கீழே இருந்தது மட்டும் தப்பியது. அந்தக் கரைசலைக் கானுக்குள் ஊற்றவில்லை. செப்பு மீனுக்கு நஞ்சு. பாட்டுக் கேட்கப் போகிறவன் பாடுகிறதுக்கே நஞ்சு வைக்கிறதா? போத்தலில் அடைத்துப் பெயரெழுதி வைத்திருக்கிறேன், இன்னும் பாவிக்கலாம்.

நேற்றிரவு பழைய பாலத்துக்குக் கிட்டத் தோணியில் போனோம். ஹெட்போனைக் காதில் மாட்டினால், ஒரே இரைச்சல். கரைக்கரண்டின் 50 ஹேர்ட்ஸ் என் போட்டுக்குள் புகுந்திருக்கிறது. தோணிக்காரர் சிரித்துக்கொண்டு துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு, மற்ற நுனியை என் காதில் வைத்தார். கேட்டது, பிள்ளை. நரம்பைத் தொட்டுவிட்டாற்போல, மெல்லிசாக. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் தோணிப் பலகையில் காதை வைத்தபோது சத்தம் கூடியதாக எழுதியிருக்கிறார். மரத்துக்குள் கரண்ட் இரைச்சல் புகாதுதானே.

மூன்றாவது போட்டில் உள்ளீட்டைச் சுற்றிச் செப்பை எடுக்காமல் விட்டு நிலத்தோடு இணைக்க நினைக்கிறேன். எவ்வளவு விடலாம் என்று நீ கீறி அனுப்பு. அடுத்த பறுவத்துக்கு நாலு கிழமை இருக்கிறது. அதற்குள் சீனப் பொதியே வந்துவிடும் என்பாய், வரும்தான். ஆனாலும் நீ லீவில் வா. தாளை நீ பிடி, அயன்பொக்ஸை நான் பிடிக்கிறேன்.

அன்புடன்,
மாமா