காப்பிக் களத்தில் கணக்குப் பாடம்

ஆடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் கிடக்கும் ஊர்களுக்கு மார்கழியும் தையும் காப்பி மாதங்கள். பழம் பறிப்பு ஓயும்போது சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் மிளகு பழுக்கத் தொடங்கிவிடும். ஆடலூர்த் தோட்டம் ஒன்றில் அந்த நாட்களில் கூலிக் கணக்கு எழுதுவது பதினொரு வயதுப் பெண். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், கிலோவுக்கு என்ன கூலி, முன்பணம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி, கூட்டி, அம்மாவிடம் காட்டுகிறாள். ஐந்தாறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை தேறும். விகிதம் என்ற பாடத்தை அவள் படித்தது அந்தக் களத்தில்தான். அவளும் எட்டு வயதுத் தம்பியும் பள்ளிக்கூடம் போவதில்லை. அம்மாதான் ஆசிரியை.

அந்த அம்மாவின் நாள் அடுப்பில் தொடங்குகிறது. இட்லி வேகும் நேரத்தில் பையன் தமிழ் வாசிக்கிறான். பிழையாக வாசித்தால் அடுக்களையிலிருந்தே திருத்தம் வரும். பத்து மணிக்கு மேல் கணக்கும் அறிவியலும். மத்தியானம் தோட்டம். வரலாற்றுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் அழைத்துப் போகிறார். அங்கே பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் இருக்கின்றன, பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்த இடம் அது. விளக்கு வைத்ததும் திருப்புகழ். தைப்பூசத்துக்குக் குடும்பமே பழனிக்கு நடக்கிறது. கைபேசி பிள்ளைகள் கைக்குப் போவதில்லை. இத்தனைக்கும் நடுவே ஆட்களுக்குச் சோறு, மாமியாருக்கு மாத்திரை, காட்டுமாடு புகுந்த வேலியைக் கட்டுவது. சம்பளமும் விடுமுறையும் இல்லாத வேலை. இந்த உழைப்பைச் சொல்லாமல் அவருடைய அரசியலை மட்டும் எடுத்துப் பேசுவது நியாயமாகாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு இதெல்லாம் கவலை. “ஏத்தா, புள்ளைகள இப்பிடி வீட்டோடயே வச்சிருந்தா, நாளைக்கு எவனாச்சும் சர்ட்டிபிகேட் கேட்டா என்னத்தக் குடுப்ப?”

“எட்டாங் கிளாஸ் பரீட்சைய வெளியில இருந்தே எழுதலாம்ங்க மாமா. வழி இருக்கு.”

வழி இருப்பது உண்மை. தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எழுதலாம். 1989-இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவிடுகிறது. மும்பையில் தாயிடம் வீட்டிலேயே படித்த மாளவிகா ஜோஷி, கணினி ஒலிம்பியாட் பதக்கங்களின் பலத்தில் 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இங்குள்ள ஐ.ஐ.டி.க்களில் அவருக்கு இடமில்லை.

ஆடலூர்த் தாயின் அரசியல் பழமை சார்ந்தது. அதை அவர் மறைப்பதில்லை. பிள்ளையை வளர்ப்பது குடும்பத்தின் பொறுப்பு, அதில் அரசாங்கம் தலையிடக் கூடாது. இலவசங்கள் மனிதனைச் சோம்பேறியாக்கும். டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும். கடன் வாங்கிச் செலவு செய்யும் வீடும் அரசும் உருப்படாது. அவர் மதிக்கும் தலைவர் ராஜாஜி: 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர், 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி அரசின் உரிமக் கெடுபிடியை எதிர்த்தவர்.

அந்தப் பெயரில்தான் தமிழ்நாட்டின் பழைய காயம் ஒன்றும் இருக்கிறது. 1953-இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இரண்டு முறையாகப் பள்ளி நடந்தால் இருக்கும் கட்டடத்திலேயே அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்ற கணக்கும் அதில் உண்டு. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்றார்கள். சிரைப்பவன் பிள்ளை சிரைக்கவும், வெளுப்பவன் பிள்ளை வெளுக்கவும்தானா என்ற கேள்விக்கு ராஜாஜியிடம் ஏற்கத்தக்க பதில் இல்லை. 1954 ஏப்ரலில் அவர் விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. வீட்டில் கற்பது என்றாலே தமிழ்நாடு இன்றும் சற்றுப் பதறுவதற்கு அந்த நினைவு ஒரு காரணம். அந்தப் பதற்றம் நியாயமானது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வீட்டுக்கல்வியை எழுபதுகளில் பரப்பிய ஜான் ஹோல்ட் பழமைவாதி அல்லர். குழந்தையின் சுதந்திரத்தைப் பேசியவர். எண்பதுகளில் கிறித்தவக் குடும்பங்கள் பெருந்திரளாக வந்தபின் அது வலதுசாரி அரசியலின் பலமாயிற்று. ஆறு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே எழுத்தறிவித்த ஃபிலிஸ் ஷ்லாஃப்ளி, பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு எதிராக இல்லத்தரசிகளைத் திரட்டினார். 38 மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்பட்ட அந்தத் திருத்தம் 1982-இல் காலக்கெடு முடிந்து நின்றுபோனது. 1994-இல் தங்களைப் பாதிக்கும் என்று அஞ்சிய ஒரு மசோதாவுக்கு எதிராக வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தொலைபேசியில் அழைத்து நாடாளுமன்ற இணைப்பகத்தையே திணறடித்தன.

ஆடலூர்த் தாய்க்கு அப்படிப்பட்ட படை எதுவும் கிடையாது. ஆனால் நம்பிக்கை அதேதான்: என் பிள்ளையை என்னால் பார்த்துக்கொள்ள முடியும். அவரைப் பொறுத்தவரை அது சரிதான். நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. அதை ஊருக்கெல்லாம் விதியாக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அவர் பட்டம் பெற்றவர், நிலம் உண்டு, புத்தக அலமாரி உண்டு. இதே மலையில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன. வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லாத பிள்ளைக்கு, அரசாங்கம் விலகி நிற்பது விடுதலையாகாது. 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது மலைப்பகுதிப் பள்ளிகளையும் முதலிலேயே சேர்த்தது அதனால்தான் பெரிய காரியம். அந்த உப்புமாவை இலவசம் என்று ஒதுக்குவதை ஏற்க முடியாது.

அதே அக்கறையோடு அந்தத் தாயின் பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் அவர் பிள்ளைகள் வளர்கிறார்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் இவர்கள் பெயரையும் பதிந்துகொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை தலைமையாசிரியர் வந்து நோட்டுகளைப் பார்க்கலாம். நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் விளையாட்டு மைதானத்தையும் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். கூலி கொடுக்கும் வீட்டுப் பெண்ணும் கூலி வாங்கும் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார அப்படியாவது ஒரு வாய்ப்புக் கிடைக்கும். கல்வித் துறை ஓர் அரசாணையில் செய்துவிடக் கூடிய வேலை இது.