மலடி என்னும் சொல்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961ஆம் ஆண்டில். அவ்வாண்டு சிப்பி ஏலத்துக்குச் சென்ற கதையை வாப்பா நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க இயலாது; குவியலை அப்படியே ஏலம் கேட்க வேண்டும். எடுத்த குவியலில் முத்து ஒன்றும் தேறவில்லை. "சிப்பியைக் குறை சொல்லி என்ன பயன்? நஸீபு அவ்வளவுதான்" என்பார்கள். அவர்களுடைய பேத்தியையே ஊர் குறை சொன்னபோது, மறுத்துப் பேச அவர்கள் உயிரோடு இல்லை.

அவள் நம் லாத்தாவின் மகள். காயல்பட்டினத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் தங்குகிறார். அவருக்கு ஹாங்காங்கில் வேலை. ஆண்டுக்கு நாற்பது நாள் விடுமுறை. நிக்காஹ் முடிந்த ஆறு ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் எட்டு மாதந்தான். இந்தக் கணக்கை எவரும் போட்டுப் பார்க்கவில்லை. நேர்ச்சையும் ஓதிய தண்ணீரும் அவளுக்கே; ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அவளுக்கே. மலடன் என்ற சொல் அகராதியில் உண்டு. நம் முடுக்குகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சம்பந்தி வீட்டில் இன்னொரு நிக்காஹ் பற்றிப் பேச்செழுந்த அன்றுதான் லாத்தா நம்மை அழைத்தார்கள்.

"மாப்பிள்ளையைச் சோதித்தார்களா, லாத்தா?"

"அதை எப்படித் தம்பி அவரிடம் போய்க் கேட்பது?"

நாமே கேட்டோம். இரண்டு நாள் அவர் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெளியே வருகையில், "எப்போது போகலாம், மாமா?" என்றார். குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிக்கு ஆணிடமுள்ள குறையும் காரணமாகிறது என்பதை மருத்துவம் எப்போதோ கண்டறிந்துவிட்டது. இங்கும் அதுவே தெரிந்தது. பெண்ணின் கருக்குழாய்கள் அடைபடாமல் இருந்தன; அவருடைய உயிரணுக்களோ எண்ணிக்கையில் சற்றுக் குறைவு, வேகமும் போதவில்லை.

மருத்துவர் சொன்ன சிகிச்சைக்கு ஐ.யூ.ஐ. என்று பெயர். கணவனின் விந்தைக் கழுவி, நன்கு நீந்தும் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, பெண்ணின் கருமுட்டை வெளிப்படும் வேளையறிந்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். கத்தியில்லை, மயக்க மருந்துமில்லை. சில நிமிட வேலை. ஆனால் நூறு முயற்சிகளில் பத்து முதல் இருபது வரையே பலிக்கும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

லாத்தாவின் அச்சமெல்லாம் வேறு: "மார்க்கத்தில் ஆகுமா?" ஆகும் என்றோம். எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு ஜாதுல் ஹக் 1980இலேயே இதற்கு ஃபத்வா வழங்கியுள்ளார்கள். 1986இல் அம்மானில் கூடிய உலக ஃபிக்ஹு மன்றம் ஏழு முறைகளை ஆராய்ந்து, ஐந்தை ஹராமென விலக்கி, இரண்டை மட்டும் அனுமதித்தது. கணவனின் விந்தை அவன் மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவது அவ்விரண்டில் ஒன்று. மூன்றாமவர் எவ்வடிவிலும் இடையில் வரக்கூடாது. இத்தாவை விதித்து நஸபைக் காக்கும் ஷரீஅத் இதில் மட்டும் விட்டுக்கொடுக்குமா?

"வேறொருவருடையது கலந்துவிட்டால்?" என்றார்கள் லாத்தா. நியாயமான கேள்விதான். 2021இல் வந்த நம் நாட்டுச் சட்டம் இத்தகைய மருத்துவமனைகள் பதிவு பெற வேண்டுமென்கிறது. எழுத்து மூலம் சம்மதமும் கேட்கிறது. அதற்கு மேலும், குப்பியில் இருவர் பெயரும் எழுதப்பட்டதைப் பார்த்த பின்பே மாப்பிள்ளை அதைத் தம் கையால் ஒப்படைத்தார்.

முதல் முறை பலிக்கவில்லை. அடுத்த விடுமுறையில் செய்த இரண்டாம் முறையும் அப்படியே. அவர் ஊரிலில்லாத மாதங்களுக்காக விந்தை உறையவைத்துச் சேமிக்கவும் வழியுண்டு என்றார்கள். நிக்காஹ் நிலைத்திருக்கும் வரை அதற்குத் தடையில்லை என்றுதான் நாமும் அறிந்திருந்தோம். பெண் ஒப்பவில்லை. "அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே நடக்கட்டும், மாமா" என்றுவிட்டாள். நாம் வற்புறுத்தவில்லை. மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு வேறு சிகிச்சையை எண்ணலாம் என்பது மருத்துவரின் யோசனை.

இரண்டாம் முறையும் தவறியபின், பயணம் புறப்படுமுன் மாப்பிள்ளை தம் உம்மாவின் வீட்டுக்குச் சென்றார். நாமும் உடனிருந்தோம். பழைய பேச்சை அந்த அம்மையார் மறுபடியும் எடுத்தார்கள்.

"உம்மா, குறை என்னிடந்தான்" என்றார் அவர்.

அவர்கள் சிறிது நேரம் மகனையே பார்த்திருந்துவிட்டு, தேநீர் கொண்டுவர உள்ளே போனார்கள். இன்னொரு நிக்காஹ் பற்றி அதற்குப்பின் நாம் கேள்விப்படவில்லை. இன்ஷா அல்லாஹ், ஷவ்வாலில் அவர் ஊர் வருகிறார்.