எக்கோவுக்கு லூப் லைன்

போன ஞாயிறு பேரனின் பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போயிருந்தேன். எக்கோ, ரிவர்ப் எல்லாம் மிக்ஸருக்கு உள்ளேயே இருக்கிறது. தொட்டால் வருகிறது, தொட்டால் போகிறது. "உங்க காலத்துல எப்படி தாத்தா?" என்றான். எங்கள் காலத்தில் எக்கோ தனிப் பெட்டி. அதை மிக்ஸரோடு எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் ஒரு ராத்திரி நான் பட்ட பாட்டை அவனிடம் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

1983 ஆடி மாதம். கொருக்குப்பேட்டை யார்டில் எனக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை. டியூட்டி இல்லாத இரவுகளில் எங்கள் தெரு அண்ணன் ஒருவரின் மைக் செட்டுக்கு எடுபிடி. அப்போது வடசென்னையில் தெருவுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது என்றால் மிகையில்லை. சினிமாப் பாட்டில் வருகிற மாதிரியே குரல் கமகமவென்று மிதக்க வேண்டும் என்பது பாடகர்களின் ஆசை. 1974-லேயே ரோலண்ட் கம்பெனி ஸ்பேஸ் எக்கோ என்ற டேப் பெட்டியைக் கொண்டு வந்திருந்தது. எங்கள் அண்ணனிடம் இருந்தது அந்த மாதிரி ஒன்று. எம்பிளம் உதிர்ந்து போனது. சிங்கப்பூரிலிருந்து சிதம்பரம் கப்பலில் வந்த யாரிடமோ வாங்கியது.

உள்ளே விஷயம் எளிது. ஒரு டேப் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஹெட் குரலைப் பதியும், கொஞ்சம் தள்ளி இருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கும். அந்த இடைவெளிதான் எக்கோ. படித்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பதியும் ஹெட்டுக்கே அனுப்பினால் ஒன்று பலவாகும்.

அண்ணன் அதை மாட்டியிருந்த விதம்: மிக்ஸரின் அவுட்டிலிருந்து எக்கோ பெட்டி, எக்கோ பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயர். ஒரே நேர்க்கோடு. பாட்டு, தபேலா, பேஸ் கிட்டார், அறிவிப்பு எல்லாமே அந்தப் பெட்டியின் வயிற்றுக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். எக்கோ அளவைக் குறைக்கும் குமிழோ கழன்று வெறுமனே சுற்றும். அண்ணன் பேப்பரை மடித்துச் செருகி ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தார். ஜனங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழா, இரண்டாம் நாள். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். பூக்கட்டும் அம்மா ஒருத்தி மேடைக்கு ஓடி வந்தாள். நாலு வயசுப் பெண் குழந்தையைக் காணோம். கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கி, "பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை" என்று கத்தினார். தெரு முனையில் ரயில்வே கேட். யார்டில் இருப்பவனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அங்கே எத்தனை கூட்ஸ் வண்டி போகும் என்று. எனக்குக் கால் நடுங்கிற்று.

மூன்று தரம், நாலு தரம் சொல்லியாயிற்று. யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சில் விநாடிக்கு நாலைந்து எழுத்து ஓடும். கால் விநாடி கழித்து வரும் எக்கோ சரியாக அடுத்த எழுத்தின் தலையில் உட்காரும். போதாததற்கு, நூறு மீட்டர் தள்ளிக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கவே கால் விநாடிக்கு மேல் ஆகும். இரண்டு குழாய்க்கும் நடுவில் நிற்பவனுக்கு இது என்ன பாஷை என்றே தெரியாது.

எக்கோ பெட்டியின் ஸ்விட்சை அணைத்தேன். மொத்த செட்டும் ஊமை! நேர்க்கோட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே. மிக்ஸர் ஒயரைப் பிடுங்கி ஆம்ப்ளிஃபயரில் சொருகப் போனால் ஒரு முழம் எட்டவில்லை. மேஜையோடு ஆம்ப்ளிஃபயரை இழுத்தேன். "டேய், இன்னாடா பண்ற?" என்று அண்ணன் கத்தியதும், டப்பென்று குழாய்கள் அலறியதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு கமிட்டிக்காரர் ஒரே ஒரு தரம் சொன்னார்.

கேட் பக்கத்தில் கடை போட்டிருந்த வளையல்காரர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை கை நிறைய வளையல். "அப்பலேந்து என்கிட்டதாம்பா குந்திகினு இருக்குது. மைக்ல இன்னாமோ சொல்லிகினே இருந்தீங்க, ஒண்ணும் பிரியல" என்றார்.

அந்த வாரமே மிக்ஸரைத் துணியில் சுற்றி ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். வயதான ரேடியோ மெக்கானிக் ஒருவர் பின்பக்கத் தூசியைத் துடைத்து, 'சென்ட்' என்று எழுதியிருந்த ஓட்டையைக் காட்டினார். "எங்க வேலை பண்றே?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப சுலபம். மெயின் லைன்ல வண்டி நிக்காம போகணும். எக்கோவுக்கு லூப் லைன் போடு."

அதாவது, ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சென்ட் குமிழ். எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு குரல் மட்டும் பிரிந்து எக்கோ பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து வருவதைக் காலியாக இருக்கும் இன்னொரு சேனலில் வாங்கி, அசல் குரலோடு கலக்க வேண்டும். பெட்டி செத்தாலும் குரல் சாகாது. பாடகருக்குப் பாதி, தபேலாவுக்குத் துளி, அறிவிப்பு மைக்குக்குப் பூஜ்யம்.

லூப் லைனிலும் விபத்து உண்டு. எக்கோ திரும்பி வரும் சேனலின் சென்ட் குமிழை நான் முதல் நாள் மூட மறந்தேன். எக்கோ மறுபடி எக்கோவுக்கே போய், ஊளையிட்டு, எதிர் வீட்டு ஆயா கதவைத் திறந்துகொண்டு திட்ட வந்துவிட்டாள். இன்னொன்று: சென்ட் ஃபேடருக்கு முன்னால் பிரிந்தால், ஃபேடரை மூடிய பிறகும் பாடகரின் இருமல் மட்டும் பேய் மாதிரி எக்கோவில் கேட்கும். ஃபேடருக்குப் பின்னால்தான் பிரிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கல்யாணக் கச்சேரி ஆனது.

அண்ணனுக்கு இதெல்லாம் அவ்வளவு பிடிக்கவில்லை. எக்கோ குறைந்துவிட்டது என்று ஒரு பார்ட்டி காசு குறைத்துக் கொடுத்ததாக என்னிடம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆடியிலும் வளையல்காரர் அதே இடத்தில் கடை போட்டார். ஒயர் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். மேடையில் கூழ் ஊற்றும் நேரத்தை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். வளையல்காரர் கையை மட்டும் உயர்த்தி, "பிரியுதுப்பா" என்றார்.