கம்பிப் பேச்சும் வலைப் பேச்சும்

கொண்டப்பநாயக்கன்பட்டியினின்று சேலத்துக் கடைவீதிக்குச் செல்லுந்தோறும் வர்த்தகர் மேஜைகளில் இருவகைத் தொலைபேசிகளை யாம் காண்கின்றோம். ஒன்று, 1882-இல் சென்னையில் நிலையம் கண்ட கம்பித் தொலைபேசி. மற்றொன்று, 2002 ஏப்ரல் முதல் நம் தேயத்தில் வரம்புடன் அனுமதிக்கப்பெற்ற இணையவழிப் பேச்சு.

பின்னது செலவிற் குறைந்தது. ஓர் இணைப்பிலே பலர் பேசலாம். கடை இடம் பெயரினும் எண் பெயராது. ஆயினும், மழைநாளில் எம் மலையடிவாரத்தில் மின்சாரம் நின்றால் அதுவும் ஊமையாகும். செப்புக் கம்பியோ நிலையத்து மின்கலங்களினின்று 48 வோல்ட்டு பெற்று ஒலித்துக்கொண்டேயிருக்கும். செம்பு நீங்கிக் கண்ணாடியிழை புகுந்த இடங்களில் அவ்வனுகூலமும் ஒழிந்தது.

வெள்ளிக் கொலுசு வேண்டி அழைப்பவர், விடை வாராக்கால் அடுத்த கடையையே அழைப்பர். சிறு வியாபாரிக்கு அஃது ஒருநாட் பிழைப்பாம். ஆதலின், வலைப் பேச்சைக் கொள்வோர் அதனைத் தாங்கும் மின்கலத்தையும் உடன் கொள்வாராக.