தோப்பூர்ப் பக்கத்து மீன்துறைகள்

திருகோணமலைக்குச் செல்வோர் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் கண்டு திரும்பிவிடுவதே வழக்கம். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரையும், அதற்கும் தெற்கே அமைந்த தோப்பூரையும் நாடிப் போவோர் சிலரே. முன்னாளில் அதற்குத் தக்க காரணம் இருந்தது. லாஞ்சில் ஏறிக் குடாவைக் கடக்க வேண்டும். அன்றேல் தரைவழியே துறைக்குத் துறை பாதைப்படகுக்காகக் காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது முதல் அந்தத் தொல்லை பெரிதும் நீங்கிற்று. தூண்டில் பிரியர்களுக்கு இதைவிட நற்செய்தி வேறில்லை.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆறு தெற்கே தனித்துக் கடலை அடைகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலம் வயலும் குளமும் களப்புமாய் விரிந்து கிடக்கிறது. காலையில் அல்லைக் குளத்து நன்னீரிலும், மாலையில் களப்பின் உவர்நீரிலும் தூண்டில் இடலாம்.

மார்கழி விடுமுறையில் நாம் சென்றபோது வழிகாட்டியாக வந்தவர் அவ்வூர் முதிய மீனவர் ஒருவர். ஊரார் அவரைக் காக்கா என்றே அழைப்பர். நாமும் அவ்வாறே அழைத்தோம். "காக்கா, இந்தக் குளத்தில் நல்ல இடம் எது?" என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

"இடத்தக் கேட்காதீங்க மாஸ்டர். இந்த நேரத்தில மீனுக்கு என்ன வேணுமெண்டு கேளுங்க" என்றார்.

அன்று முழுவதும் அவர் காட்டியது இதன் விளக்கமே. வெயில் ஏறினால் மீனுக்கு வேண்டியது நிழலும் ஆழமும். எனவே கரையோர மருதமரத்தின் நிழலையும், நீரில் மூழ்கிய கட்டைகளையும் நாட வேண்டும். குளம் கட்டுமுன் அங்கு ஓடிய ஓடையின் பள்ளம் அடியில் இன்னும் உண்டு. கோடையில் நீர் வற்றும்போது பெரிய மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். காற்று ஒரே திசையில் நெடுநேரம் வீசினால் அலை மோதும் கரையில் நீர் கலங்கும். இரை அங்கே சேரும். அதன் பின்னால் வேட்டை மீனும் வரும். காற்று மறைந்த கரையில் சுகமாக அமர்ந்து, மீன் இல்லை என்று குறைகூறும் அன்பர்கள் இதைக் கவனிப்பாராக.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவைக் காண்பது எளிது. நீர் தெளிந்த நாளில், ஆழமற்ற மணலில் ஆண்மீன் தோண்டிய வட்டக் குழிகள் தட்டுகளைப் பரப்பியது போலத் தெரியும். விராலோ மேலே வந்து காற்றை உறிஞ்சாமல் வாழ இயலாதது. அல்லி இலைகளுக்கிடையே ஒரு சிறு வளையம் எழுந்தால் அதுவே அடையாளம்.

களப்பில் கொடுவாதான் அரசன். பாலத்தூண், பாறை, கண்டல் வேர் இவற்றில் நீரோட்டம் மோதிச் சுழலும் ஓரத்தில், அடித்து வரப்படும் சிறுமீனுக்காக அது காத்திருக்கும். மழைவெள்ளம் மணல்திட்டை உடைத்து முகத்துவாரத்தைத் திறக்கும் காலம் இதற்கு மிக உகந்தது. அந்தி மங்கிய பிறகு டோர்ச் ஒளி பட்டால் அதன் கண்கள் தணல்போல் மின்னும். கனடாவில் குடியேறிய நம்மவர் அங்குள்ள ஏரிகளில் பிடிக்கும் வால்-ஐ மீனும் இவ்வாறே கண்ணொளி கொண்டது, மங்கல் பொழுதில் வேட்டையாடுவது. கொடுவாவிடம் இன்னொரு விந்தையும் உண்டு: ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறுவது அது. ஆகவே மிகப் பெரியவை எல்லாம் பெரும்பாலும் முட்டையிடும் தாய்களே.

குளக்கரையில் ஓரிடத்தில் செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக நீர்மேல் கொப்பளித்தன. அடியில் விரால் காவல் நிற்கிறது என்பது எமக்கும் தெரியும். அவ்வேளை அது எதை இட்டாலும் பாய்ந்து கவ்வும், பசியால் அன்று, சினத்தால். இதைவிட உறுதியான இடம் குளத்தில் இல்லை. நாம் தூண்டிலை ஓங்கினோம். காக்கா எம் கையைப் பிடித்துக்கொண்டார். தாய் தந்தையை எடுத்துவிட்டால் அக்குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே பொழுதில் தின்று தீர்த்துவிடுமாம்.

"முந்தி இத யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. வாப்பாவோட தோணியில போனாத் தெரியும்" என்றார். 2006 ஆகஸ்டில் போரினால் மூதூர், தோப்பூர் மக்கள் இடம்பெயர்ந்து கந்தளாய்ப் பக்கம் அகதிகளாய்த் தங்கினர். அவருடைய பிள்ளைகள் தோணியில் தொழில் பழகவேண்டிய வயது அது. மூத்தவனுக்கு வலை தெரியும், தண்ணீர் தெரியாது என்றார் அவர். இப்போது பேரனை அழைத்துச் செல்கிறாராம், பன்னிரண்டு வயது.

செல்ல விரும்புவோர் மாரி முடிந்து குளங்கள் நிறைந்து நிற்கும் தை, மாசி மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம். குளத்தில் முதலை உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கித் தூண்டில் போடும் துணிச்சல் வேண்டாம். மண்புழுவைத் தோப்பூர் வயல்வரப்பிலேயே தோண்டிக்கொள்ளலாம்.