கை அசைந்தால் மட்டும் போதுமா?



அத்தானின் உடல்நிலை பற்றி எழுதியதிலிருந்து, "ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன டீச்சர்? பிசியோதெரபிதானே அது?" என்று சிலர் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்தவரின் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி தந்து நிற்கவும் நடக்கவும் வைப்பவர் பிசியோதெரபிஸ்ட். அந்த மனிதர் தானாகக் குளிக்க, சாப்பிட, வேட்டி கட்ட, கழிவறைக்குப் போய்வர வழி செய்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பெயரைக் கேட்டு ஏதோ வேலை வாங்கித் தரும் திட்டம் என்று நினைக்கிறார்கள். அன்றாடம் நாம் செய்கிற காரியங்களைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. நம் நாட்டில் இதற்கான முதல் பள்ளியை 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார்.

அத்தானுக்கு ஆறு மாதத்தில் நடை வந்துவிட்டது. ஆனாலும் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் முட்டிவலிக்கார அக்காதான். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திண்ணை, ரேழி, கூடம் தாண்டிக் கொல்லையில் கழிவறை. நடுவில் நான்கு நிலைப்படிகள். பயிற்சி மேஜையில் காலைத் தூக்குகிறவர் இந்தப் படிகளில் தடுமாறினார். மற்றவர் கையால் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்ற வெட்கத்தில் பாதி வயிற்றோடு எழுந்துவிடுவார்.

அக்கா மகள் ஏற்பாட்டில் ஒரு தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். அவரை மட்டும் பார்க்காமல் வீட்டையும் சுற்றிப் பார்த்தாள். கழிவறையில் நல்ல கைப் பக்கம் ஒரு பிடிகம்பி, குளிக்க ஒரு நாற்காலி, துணி சுற்றித் தடிமனாக்கிய ஸ்பூன், தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. சட்டை போடும்போது முடங்கிய கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். பெரிய செலவில்லை. இப்போது அத்தான் தானே சாப்பிடுகிறார், வயிறு நிறைய.

பணம் கொடுத்து அழைக்க முடிந்ததால் இது நடந்தது. முடியாதவர்கள்? 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் வருகிறது. அருமையான ஏற்பாடு. அரசின் 'விழுதுகள்' மையங்களில் ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு. ஆனால் நான் பேசுவது மையத்துக்கு வரவே முடியாதவர்களைப் பற்றி. நிலைப்படியும் கழிவறையும் வீட்டில்தானே இருக்கின்றன! பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே இந்தச் சேவை வீடு தேடி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். வயதானவர்கள் கூடக் கூட இந்தத் தேவையும் கூடத்தான் செய்யும்.

குழந்தைகளுக்கும் இது வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குத் தடித்த பென்சிலும் உயரம் சரியான மேஜையும் கிடைத்தால் எழுத்து வரும். வகுப்பில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்தால், டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே "வீட்டில் இவர் எப்படிக் குளிப்பார், எப்படிச் சாப்பிடுவார்? யார் சொல்லிக் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி பக்கம் இருப்பவர்கள் கிராம சபையில் இதைக் கோரிக்கையாக வையுங்கள். பிளஸ் டூவில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், பி.ஓ.டி. என்றொரு பட்டப்படிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. டாக்டர் சீட் கிடைக்கவில்லையே என்று அழுகிற பிள்ளைக்கு இது நல்ல வழி.

உங்கள் வீட்டு அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.