உயிர்நீரும் சதகுப்பையும்

மது அருந்துவோர் இல்லத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் கூசுகின்ற இயல்பினன் நான். காரணம் உண்டு. என் தந்தையாரின் சம்பளத்தில் பாதியைச் சாராயம் கொண்டுபோயிற்று. ஐம்பது வயது நிறைவதற்குள் அவரையும் கொண்டுபோயிற்று. அப்போது எனக்கு வயது பதினேழு; தம்பிக்கு ஒன்பது.

அத்தம்பி இன்று சுவீடன் நாட்டின் கோதென்பர்க் நகரில் பணிபுரிகிறான். 2019 டிசம்பரில் அலுவலக அனுமதி பெற்று, பல ஆண்டுச் சேமிப்பைக் கரைத்து, தில்லியிலிருந்து அவனைக் காணச் சென்றேன். சென்ற மறுநாளே அவன் சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடியைக் கண்டேன். வெளிர்பொன் நிறத்தில் திரவம்; அடியில் விதைகள்.

“இது என்னப்பா?”

“ஆக்வாவிட், அண்ணா. கிறிஸ்துமஸ் விருந்துக்கு நண்பர்கள் வருகிறார்கள்.”

“வீட்டிலேயே காய்ச்சுகிறாயா?”

“காய்ச்சுவது இங்கே குற்றம். அரசுக் கடையில் வாங்கிய மணமற்ற மதுவில் விதைகளை ஊறவைப்பது மட்டுமே என் வேலை.”

நான் பேசவில்லை. அவனே செய்முறையைச் சொன்னான். நூற்றுக்கு 40 பங்கு சாராயச் சத்துள்ள மது 700 மில்லி. அதில் சீரகத்திற்கு உறவான கேரவே விதை இரண்டு தேக்கரண்டி, சதகுப்பை விதை ஒன்று, சோம்பு அரை. வெள்ளைப் பகுதி நீக்கிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. விதைகளை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, இறுக மூடி, வெளிச்சம் படாமல் பத்து நாள் வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்கித் துணியில் வடிகட்ட வேண்டும்.

‘உயிர்நீர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களே ஆக்வாவிட் என்று மருவின. 1531-இல் நார்வேயின் பெர்கன் கோட்டைத் தலைவர் எஸ்கே பில்லே, பேராயர் ஒருவருக்கு இதனை மருந்தென்றே எழுதி அனுப்பினார். அந்த மருந்து நோயாகவும் ஆயிற்று. 1922-இல் சுவீடனில் மதுவிலக்குக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, நூற்றுக்கு 49 பேர் விலக்கையே வேண்டினர். 1955 வரை மது வாங்கப் பங்கீட்டுப் புத்தகம் இருந்தது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் அட்டை கண்ட நமக்கு இது வியப்பளிக்கலாம். அந்நாட்டுத் தாய்மாரும் என் தாயைப் போல் அழுதிருப்பர் என்றே எனக்குத் தோன்றிற்று.

வடிகட்டுவதற்காகத் தம்பி சாடியைத் திறந்தான். அந்த மணம்! என் தாய் அவனை மடியில் கிடத்திப் பாலாடையில் புகட்டிய கிரைப் வாட்டரின் மணம். அதிலும் சதகுப்பைதானே சேர்கிறது! அன்று அவன் கால்களைப் பிடித்துக்கொண்டவன் நான். அவனுக்கு அது நினைவிராது.

“அப்பாவை மறந்துவிட்டாயா?” என்றேன்.

நெடுநேரம் கழித்துச் சொன்னான்: “மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குவளையிலும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் இயலவில்லை, அண்ணா.”

நான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

விருந்தன்று, ஹெர்ரிங் மீனும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பரிமாறப்பட்டன. சிறு குவளைகளை உயர்த்தி, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி, அருந்தி, மீண்டும் நோக்கிய பின்னரே கீழே வைத்தனர். என் கையில் தண்ணீர் இருந்தது. தம்பி இரண்டு குவளையோடு நிறுத்தினான். நான் எண்ணிக்கொண்டிருந்ததை அவன் அறிவான். இரண்டாவதன் பின் குவளையை என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

இப்போதும் டிசம்பர் வந்தால், “சாடி வைத்துவிட்டேன், அண்ணா” என்று தொலைபேசியில் சொல்வான். “விருந்துக்கு எத்தனை பேர்?” என்று கேட்பேன். நான் கேட்பது விருந்தினர் எண்ணிக்கையை அன்று என்பது அவனுக்குத் தெரியும். “இரண்டுதான், அண்ணா” என்பான்.